வேகத்தைத் திட்டிக்கொண்டே வேகமான பஸ்ஸில் ஏறும் ஊர்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் வீதியில், பட்டப்பகலில் எதிரே வரும் ஓட்டோவோ லொறியோ முன்விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டினால், இந்தப் பக்கம் வருகிறவர் உடனே வேகத்தைக் குறைப்பார். முழங்கையில் தொங்கிய தலைக்கவசம் தலைக்கு ஏறும். மோட்டார் சைக்கிளில் மூன்றாவது ஆளாக இருந்தவர் இறங்கி நடக்கத் தொடங்குவார். சற்றுத் தள்ளி மர நிழலில் போக்குவரத்துப் பொலிஸார் நிற்பார்கள். அவர்களைக் கடந்ததும் எல்லாம் பழையபடி. விளக்கடித்தவருக்கும் அதைக் கண்டு சுதாரித்தவருக்கும் அறிமுகம் கிடையாது. மொழியும் மதமும் வேறாக இருக்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவருக்கொருவர் பெரிதும் குறையாத எண்ணிக்கையில் வாழும் இந்த மாவட்டத்தில், இவ்வளவு தங்குதடையின்றி நடக்கும் ஒத்துழைப்பு வேறு காரியங்களில் அரிது.

அதே வீதியில் வளைவுக்கு அப்பால் கட்டாக்காலி மாடுகள் படுத்திருக்கின்றன என்றோ, பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றோ விளக்கடித்து எச்சரிப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எதை ஆபத்து என்று கொள்வது என்பதில் சாரதிகளுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு இருக்கிறது. ஆபத்து என்றால் தண்டச்சீட்டு.

இதைக் கொண்டு ஊர் மக்களுக்கு அக்கறையில்லை என்று முடிவு கட்டினால் அது தவறு. கண்மூடித்தனமான ஓட்டத்தைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இந்த ஊரில் இல்லை. பஸ் பயணி டிப்பரைத் திட்டுவார். டிப்பர் சாரதி, கை காட்டாமல் சட்டென்று திரும்பும் ஓட்டோவைத் திட்டுவார். ஓட்டோக்காரருக்குக் கோபம் மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் மீது. இளைஞர்களுக்கோ வீதியின் நடுவே ஆறுதலாக ஊர்ந்து போகும் முதியவர்கள் மீது. ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பெண் எந்தத் தவறும் செய்யாமலே எல்லாரிடமும் பேச்சு வாங்குவார். பின்னால் முட்டுகிற அளவுக்கு நெருங்கி வந்து ஹோன் அடிக்கும் பஸ்ஸைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் குவியும் காலத்தில், வாடகை ஸ்கூட்டரில் உப்புவெளிக்கும் புறாத்தீவுப் படகுத்துறைக்கும் இடையே அலையும் வெளிநாட்டவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்வார்கள். பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத ஒரே ஆள், பேசுகிறவர்தான்.

இது திருகோணமலையின் தனிக்குணம் அல்ல. 1981 இல் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் நாட்டு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், உங்கள் ஓட்டும் திறமை மற்றவர்களோடு ஒப்பிடுகையில் எப்படி என்று கேட்கப்பட்டது. அமெரிக்காவில் கேட்கப்பட்டவர்களில் 93 வீதமானோர் தங்களை மேற்பாதியில் வைத்தார்கள். சுவீடனில் 69 வீதமானோர். மேற்பாதியில் பாதிப்பேருக்குத்தான் இடமுண்டு என்பது கணிதம். ஆனால் எங்கள் ஊரில் இந்தத் தன்னம்பிக்கைக்கு ஒரு தனி வரலாறும் உண்டு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் நாட்டின் நிலைமை. உலக வங்கி 2020 இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 38,000 வீதி விபத்துகள் நடப்பதாகவும், ஏறத்தாழ 3,000 பேர் இறப்பதாகவும், 8,000 பேர் பாரிய காயமடைவதாகவும் கணக்கிட்டது. இறப்பவர்களில் பெரும்பகுதியினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும். நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள் என்பதால் இதில் வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2025 மே 11 ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ், கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோதும், அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் விழுந்து 15 பேர் இறந்தபோதும் நாடே கொதித்தது. பாராளுமன்றம் பேசியது, தொலைக்காட்சி இரவெல்லாம் காட்டியது. ஒன்றாகவும் இரண்டாகவும் மோட்டார் சைக்கிளில் இறப்பவர்களுக்கு அப்படி ஒரு கொதிப்பு இல்லை. உள்ளூர்ச் செய்தியில் நான்கு வரி, சந்தியில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை, அவ்வளவுதான். ஒரே நாளில் இருபது பேர் இறந்தால் அது ஒழுங்கின்மை. ஆண்டு முழுவதும் பரவி இறந்தால் அது துரதிர்ஷ்டம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

இனி அந்த வரலாறு. திருகோணமலையில் இன்று நாற்பது வயதைத் தாண்டியவர் எவரும் வீதியை முதலில் அறிந்தது நிற்கும் இடமாகத்தான். போர்க்காலத்தில் வீதி என்றால் சோதனைச்சாவடி. தார்ப் பீப்பாய்களை வளைத்து வளைத்துப் போக வேண்டும். பஸ்ஸை விட்டிறங்கிப் பொதியைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அப்பால் மீண்டும் ஏற வேண்டும். கிண்ணியாவுக்குப் போகிறவர் துறையில் இழுவைப் பாதை என்ற மிதவைக்காகக் காத்து நின்றார். மூதூர்க்காரர் கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்ச் ஏறினார், அல்லது துறை துறையாக இறங்கி ஏறித் தரைவழி போனார். அக்காலத்தில் இந்த வீதிகளில் யாரையும் கேட்காமல் விரைந்து போனவை இராணுவ வாகனத் தொடர்கள் மட்டுமே. அவை வந்தால் மற்ற எல்லாரும் ஓரங்கட்டி நின்றார்கள். வேகம் யாருடையது, ஒதுங்குவது யாருடைய கடமை என்பதை ஒரு தலைமுறை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

2009 இல் போர் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி, சவூதி நிதியில் கட்டப்பட்ட 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மட்டக்களப்பு வீதியின் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. கந்தளாய், ஹபரணை வழியே கண்டிக்கும் கொழும்புக்கும் போகும் ஏ6 வீதி காபெட் இடப்பட்டது. சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதே காலத்தில் லீசிங் கம்பனிகள் நகரில் கிளை விரித்தன. சிறிய முற்பணத்துக்கு மோட்டார் சைக்கிள் கிடைத்தது. இருபத்தைந்து ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்ட ஊருக்கு வழுவழுப்பான வீதியும், தடையில்லாத நேர்கோடும், கையில் ஓர் இயந்திரமும் ஒரே தவணையில் வந்து சேர்ந்தன. அந்த வேகத்தில் ஒரு விடுதலை இருந்தது என்பதை மறுக்கக் கூடாது. ஊரடங்குக்குப் பயந்து வெயில் சாய்வதற்கு முன் வீடு திரும்பிய தகப்பன், மகன் இரவு பத்து மணிக்குக் கடற்கரையிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வரும்போது அதட்டினாலும், அதட்டலில் முழு மனமும் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணம்.

வீதி அமைத்தவர்கள் வீதியை மட்டும் அமைத்தார்கள். உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று நீளும் புல்மோட்டை வீதி, ஊர்களை ஒட்டிப் போகவில்லை. ஊர்களுக்கு நடுவே போகிறது. பாடசாலை, கோயில், பள்ளிவாசல், மீன்வாடி, கடை எல்லாம் அதன் இரு கரைகளிலும். நடைபாதை பல இடங்களில் பெயருக்குத்தான்; மழைக்காலத்தில் அதுவும் சேறு. காபெட் வீதியின் விளிம்பில் சைக்கிள் ஓட்டும் தொழிலாளிக்கும் அவரை உரசிப் போகும் வானுக்கும் இடையே கோடு கூட இல்லாத இடங்கள் உண்டு. சாரதியின் கண்ணுக்கு அது நெடுஞ்சாலையாகத் தெரிகிறது, கரையில் வாழ்கிறவருக்கு அது முற்றம். இருவரும் தத்தம் பார்வையில் சரியாகவே நடந்துகொள்கிறார்கள்.

பஸ்ஸைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்களின் இரட்டை மனம் அங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு தனியார் பஸ் புறப்படும் காட்சியைப் பாருங்கள். சாரதி இயந்திரத்தை உறுமவிட்டபடி அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார், ஆனால் புறப்படவில்லை. நடத்துநர் வாசலில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களைக் கூவுகிறார். இன்னும் நாலு பேர் ஏறினால்தான் இந்தப் பயணம் எண்ணெய்க் காசைத் தாண்டும். நேரக் கணிப்பாளர் கொப்பியோடு வந்து பஸ்ஸின் பக்கத்தில் தட்டுகிறார். பின்னால் அடுத்த பஸ் மூக்கை நீட்டிவிட்டது. அப்போதுதான் புறப்பாடு. நிலையத்தில் தின்றுவிட்ட அந்த நிமிடங்களை இனி வீதியில்தான் மீட்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கணிப்பிடத்தில் பிந்திய நிமிடத்துக்குப் பணம் கட்ட வேண்டும், அல்லது பின்னால் வருபவன் முந்திப் போய் வழியில் நிற்கும் பயணிகளை அள்ளிக்கொள்வான். சாரதிக்கும் நடத்துநருக்கும் பல பஸ்களில் மாதச் சம்பளம் என்று உறுதியாக ஒன்று கிடையாது. உரிமையாளருக்குரிய நாள் தொகையையும் எண்ணெய்ச் செலவையும் கழித்து மிஞ்சுவதில்தான் பங்கு. வளைவில் முந்துவதும், மிதிபலகையில் ஆள் தொங்க எடுப்பதும், கிழவியின் இரண்டாவது கால் தரையைத் தொடும் முன் நகர்வதும் இந்தக் கணக்கின் தொடர்ச்சி. சாரதியின் குணத்தைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்க்கலாம்.

உள்ளே இருக்கும் பயணி என்ன செய்கிறார்? பஸ் நிலையத்தில் நின்று ஆளை எதிர்பார்க்கும்போது, எடுக்கச் சொல்லிச் சத்தம் போடுகிறார். வீதியில் பறக்கும்போது முன் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மௌனமாகிறார். இறங்கிய பின் வீட்டில், அவன் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே என்று கதை சொல்கிறார். கதையில் பாதி கண்டனம், பாதி பெருமை. அடுத்த நாள் இரண்டு பஸ்கள் நின்றால், முதலில் போய்ச் சேரும் என்று பேர் பெற்றதில்தான் ஏறுகிறார். கொழும்புக்குப் போகும் 49 ஆம் இலக்க இரவு பஸ்களில் எது விடிவதற்கு முன் கோட்டையில் கொண்டுபோய் இறக்கும் என்பது ஊரறிந்த சங்கதி. அந்தப் பெயர் சாரதிக்கு ஒரு விருது மாதிரி. ஹபரணைக் காட்டில் இரவில் யானை வீதியில் நிற்கும் என்பதும் ஊரறிந்ததுதான், ஆனால் அதற்காகப் பெயரெடுத்த பஸ்ஸை யாரும் விடுவதில்லை. மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்களைப் பற்றி முறையிடத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கம் இருக்கிறது. பஸ்ஸுக்குள்ளேயே ஒட்டியும் இருக்கும். நள்ளிரவில், காட்டின் நடுவே, ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவரைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படி முறையிடும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

மெதுவாகப் போகச் சொல்லும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இளம்பெண் சொன்னால் நடத்துநர் சிரிப்பார். பெரியவர் சொன்னால், அவசரமில்லை என்றால் மாட்டு வண்டியில் வாருங்கள் ஐயா என்று பதில் வரும். கைக்குழந்தையோடு இருக்கும் தாய் சத்தம் போட்டால் மட்டும் சில நேரம் பஸ் முழுவதும் அவள் பக்கம் சாய்ந்துவிடும். சாரதி முணுமுணுத்தபடி காலைத் தளர்த்துவார். எல்லார் மனத்திலும் அதே பயம் இருந்திருக்கிறது. யாராவது முதலில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

மணல் ஏற்றும் டிப்பருக்கும் மீன் கூலர் லொறிக்கும் கணக்கு இன்னும் கொடியது. டிப்பருக்கு நாளில் எத்தனை நடை என்பதே கூலி. கூலர் லொறி மாலையில் கரையேறிய மீனை ஏற்றிக்கொண்டு கொழும்பை அடுத்த பேலியகொடை மொத்தச் சந்தை கூடும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் விலை விழும். மீனவரின் விலையும் சேர்ந்துதான் விழும். ஆகவே கடற்கரையில் அந்த லொறியை விரட்டி அனுப்பும் வாயும், அதே லொறி தன் மகனின் மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிட்டுப் போனால் அழும் வாயும் ஒரே ஊரில் இருக்கின்றன.

இவ்வளவு அவசரப்பட்டு மிச்சமாவது என்ன என்று கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். சட்டப்படி மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் குடியிருப்புப் பகுதியில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. முழுத் தூரத்தையும் 50 இல் போனால் 18 நிமிடம். முழுத் தூரத்தையும் 70 இல் பறந்தால் 13 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மாடும் சந்தியும் மனிதரும் இல்லாத கற்பனை வீதியில் கூட மிச்சம் ஐந்து நிமிடம். உண்மையான வீதியில் அதில் பாதி. மறுபக்கத்தில், சராசரி வேகம் 1 வீதம் கூடினால் மரண விபத்தின் அபாயம் 4 வீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணிக்கு 70 இல் போகும் வண்டி ஒரு வினாடியில் 19 மீற்றருக்கு மேல் கடக்கும். மாட்டைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடும் முன்பே அத்தனை தூரம் கழிந்துவிடும். தலைக்கவசம் மோட்டார் சைக்கிளில் செல்பவரின் மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காய அபாயத்தை 69 வீதமும் குறைக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். முழங்கையில் மாட்டினால் முழங்கைக்குத்தான் காவல். முன்னால் பெற்றோல் தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

பொலிஸார் பக்கம் வருவோம். விளக்கடித்துக் காட்டும் பழக்கம் வெறும் குறும்பிலிருந்து வரவில்லை. வீதியோரத்தில் நிறுத்திச் சோதிக்கும் முறையில் எளிதாக அகப்படுபவை தாள்கள்: சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ். வளைவில் முந்தியவன் மர நிழலில் நிற்கும் அதிகாரியின் கண்ணில் படமாட்டான். காப்புறுதி நேற்று முடிந்தவன் படுவான். இதனால் குற்றம் என்பதே வண்டி ஓட்டும் விதத்திலிருந்து கழன்று, தாள் ஒழுங்கோடு ஒட்டிக்கொண்டது. எல்லாத் தாளும் சரியாக வைத்திருக்கிற, வளைவில் முந்துகிற ஒருவர் தன்னைச் சட்டத்தை மதிப்பவராகவே மனப்பூர்வமாக நம்புகிறார்.

தண்டம் கட்டும் முறையும் ஒரு பாடம் நடத்துகிறது. பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு சீட்டு எழுதித் தருவார்கள். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையம் போய் அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். குச்சவெளியில் இருக்கும் ஒரு மேசன் தொழிலாளி நகரில் பிடிபட்டால் தண்டத்தை விட அந்த அலைச்சலும் ஒரு நாள் கூலி இழப்பும்தான் பெரிது. சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் சிங்களம். எந்தக் குற்றத்துக்குக் கட்டினோம் என்று தெரியாமலே கட்டியவர்கள் உண்டு. 2025 இல் கைபேசி வழியாகவே தண்டம் செலுத்தும் ஏற்பாடு நாட்டில் படிப்படியாகத் தொடங்கியது, அது அலைச்சலைக் குறைக்கும். ஆனால் எதற்காக நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

தண்டத்தைக் கூட்டுவது மட்டும் மனப்பாங்கை மாற்றாது என்பதற்கு 2016 இன் இறுதியில் நடந்தது நல்ல சான்று. மதுபோதையில் ஓட்டுவது, அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவது, இடப்பக்கத்தால் முந்துவது உட்பட ஏழு குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்று அரசு முன்மொழிந்தது. தனியார் பஸ்கள் வேலைநிறுத்தம் செய்தன. இடப்பக்கத்தால் முந்துவது சரி என்று யாரும் வாதிடவில்லை. தொகை அதிகம், தண்டம் கூடினால் கைமாறும் காசும் கூடும் என்பதே வாதம். பொதுமக்களில் பலரும் அதற்குத் தலையாட்டினார்கள். 2025 ஜனவரியில் அரசின் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தின் தொடக்கத்தோடு பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் பொலிஸார் கழற்றச் சொன்னபோதும் இதே மாதிரிதான். கண்ணைக் குருடாக்கும் விளக்கை எல்லாரும் வெறுத்தார்கள், ஆனால் தவணைக் கடனில் ஓட்டோ எடுத்தவனின் வண்டியில் கை வைத்ததும் அனுதாபம் அவன் பக்கம் போனது. அதிகாரம் ஒரு பக்கம் நின்றால் மக்கள் மறுபக்கம் நிற்பது இந்தப் பகுதியின் பழைய தசைப் பழக்கம். அதற்குப் போதிய காரணம் இருந்தது. அந்தப் பழக்கம் இப்போது இடப்பக்கத்தால் முந்துகிறவனையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

விபத்து நடந்த பின் என்ன பேசப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாவு வீட்டில் போகும் நேரம் வந்துவிட்டது என்பார்கள்; மையத்து வீட்டில் அல்லாஹ்வின் நாட்டம் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் வேறு எதைச் சொல்வது? ஆறுதலுக்குச் சொன்னதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொண்டு, இம்மக்கள் விதியை நம்புகிறவர்கள் என்று எழுதுவது சோம்பேறித்தனம். விதி எல்லாருக்கும் வருவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எங்கள் பையன் தானே தூணில் மோதினால் விதி. வெளியூர் டிப்பர் மோதினால் கொலை, வீதியை மறி, டயரைக் கொளுத்து. உறவுக்காரப் பையன் நடந்து போன கிழவரை மோதினால், நல்ல பிள்ளை, என்னவோ நேரம், அவரும் பார்க்காமல் கடந்துவிட்டார். ஒரே செயலுக்கு மூன்று தீர்ப்பு, செய்தவர் யார் என்பதைப் பொறுத்து.

சட்டத்தில், கவலையீனமான செயலால் மரணம் விளைவிப்பதற்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். நடைமுறையில் பல சம்பவங்கள் அதற்கு முன்பே இரு வீட்டாரும் பேசி ஒரு கரைக்கு வந்துவிடுகின்றன. ஊர்ப் பெரியவர் ஒருவரோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தவரோ நடுவில் இருப்பார். ஈமச் செலவு, கொஞ்சம் பணம், சாரதியின் தாய் வந்து அழுதுவிட்டுப் போவது. பிழைப்பவரை இழந்த குடும்பத்துக்கு அடுத்த மாத அரிசி, ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்கை விடப் பெரியது; அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனத்தால் பாதிக்கப்பட்டோருக்கு வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை இழப்பீடு கொடுக்கிறது என்பது கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் பேசி முடித்ததன் ஒரு விளைவு, அந்தச் சாரதி மூன்றாம் நாள் மீண்டும் வீதியில் இருப்பார் என்பது.

சரி, இந்த ஊர்ச் சாரதிகளுக்கு எந்த விதியும் ஏறாதா? ஏறும். நகரின் நடுவே பஸ் நிலையத்தைச் சுற்றியும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் புள்ளிமான்கள் மேய்ந்து திரிகின்றன. அவை வீதியைக் கடக்கும்போது, பாதசாரிக் கடவையில் நிற்கும் மனிதருக்கு நிற்காத ஓட்டோ நிற்கிறது. பிரேத ஊர்வலம் வந்தால் எவ்வளவு அவசரக்காரரும் ஓரங்கட்டுகிறார். யாழ்ப்பாணம் போகும் பஸ் எவ்வளவு பிந்தியிருந்தாலும் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும்போது நின்று, கற்பூரம் கொளுத்தித்தான் போகிறது. அங்கே பொலிஸ் இல்லை, தண்டம் இல்லை, 25,000 ரூபாய் இல்லை. நிற்காமல் போனால் பஸ்ஸுக்குள் இருப்பவர்களே விடமாட்டார்கள். ஒரு விதியை எல்லாரும் தம்முடையதாக எடுத்துக்கொண்டால் சாரதி தனியாக அதை மீற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாதசாரிக் கடவை இன்னும் அப்படி யாருடையதாகவும் ஆகவில்லை, அது பொலிஸாருடையது.

2025 தொடக்கத்தில் பொலிஸ் திணைக்களம், வீதி மீறல்களைப் படமோ வீடியோவோ எடுத்து அனுப்ப இ-ட்ராபிக் என்ற கைபேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. பெரிய நகரத்துக்கு நல்ல யோசனை. கிண்ணியாவிலும் சாம்பல்தீவிலும் அன்புவழிபுரத்திலும், வண்டியைப் பார்த்தவுடனே அது யாருடைய வண்டி, ஓட்டுகிறவர் யாருடைய மருமகன் என்பது தெரிந்துவிடும். படம் எடுத்தது யார் என்பதும் மறுநாள் தெரிந்துவிடும். ஆகவே இங்கே முறைப்பாடு வேறு வழியில் போகிறது. தொழுகை முடிந்து வெளியே வரும்போதோ, கோயில் திருவிழாக் கூட்டத்திலோ, பஸ் உரிமையாளரின் தோளைத் தொட்டு, உங்கள் பெடியன் நேற்று பாலத்தடியில் வந்த வரத்து சரியில்லை என்று ஒருவர் சொல்வார். உரிமையாளர் தலையசைப்பார். அடுத்த வாரம் அந்த பஸ்ஸில் வேறு சாரதி இருப்பார், அல்லது அதே சாரதி கொஞ்ச நாளுக்கு அடங்கி ஓட்டுவார். எந்தப் பதிவிலும் வராத இந்த முறை, நான் பார்த்தவரை, தண்டச்சீட்டை விடக் கூடுதலாக வேலை செய்கிறது. ஆனால் அது எட்டுவது தோளைத் தொடக்கூடிய தூரம் வரைதான். மணல் டிப்பரின் உரிமையாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கூலர் லொறிக்காரர் பேலியகொடையில் இருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டும் பதினாறு வயது மகனின் தோள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அனுமதிப்பத்திரம் எடுக்க இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது, சாவி கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அந்தச் சாவியை எடுத்துக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் டிப்பரைத் திட்டிக்கொண்டிருக்கும் தகப்பன்தான்.